சிக்கசா நாட்டின் நியமன ஆளுநர்கள் யாருக்காகப் பதவி வகித்தார்கள்?

கண்டனூர்க்காரர் எழுதியது:

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு மகள் வீட்டில் தங்குவதற்காக அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்துக்குப் போயிருந்தபோது, டிஷோமிங்கோ என்ற சிற்றூரில் 1898-இல் எழுப்பிய ஒரு கருங்கல் கட்டடத்தைப் பார்த்தேன். சிக்கசா என்னும் பூர்வகுடி மக்களின் ஆட்சிமன்றமாக இருந்த அந்தக் கட்டடம், ஓக்லஹோமா மாநிலம் உருவான பின் பல பத்தாண்டுகள் உள்ளூர் நீதிமன்றமாகச் செயல்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் சிக்கசாக்களே அதை விலை கொடுத்துத் திரும்ப வாங்கினார்களாம். பூர்வீக வீட்டைக் கிரயம் கொடுத்து மீட்ட பங்காளிகளை நம் ஊர்ப் பக்கம் பார்த்திருக்கிறேன். ஒரு நாடே தன் தலைமைச் செயலகத்தை அப்படி மீட்டது எனக்குப் புதிய செய்தி.

அந்நாட்டின் ஆளுநர் வரிசையைப் பார்த்தபோதுதான் குழப்பம் தொடங்கியது. டக்ளஸ் ஜான்ஸ்டன் என்பவர் 1904-இல் மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1939-இல் இறக்கும் வரை பதவியில் நீடித்திருக்கிறார். அவருக்குப் பின் வந்த ஃப்ளாய்டு மேட்டுபி 1963 வரை இருந்திருக்கிறார். அதே ஆண்டில் இன்னொரு மேட்டுபி மிகக் குறுகிய காலம் இருந்தார். பிறகு ஓவர்ட்டன் ஜேம்ஸ் வந்தார். 1904-க்கு அடுத்த தேர்தல் 1971-இல்தான் நடந்திருக்கிறது. இடைப்பட்ட 67 ஆண்டுகளில் ஆளுநரை நியமித்தவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர்.

மக்கள் தேர்ந்தெடுக்காத ஒருவரை வாஷிங்டன் எதற்காக ஆளுநர் என்று பெயரிட்டு வைத்திருந்தது? பூர்வகுடி அரசுகளே வேண்டாம் என்று 1950-களில் மைய அரசு முடிவுகட்டியபோது இந்த ஆளுநர்கள் என்ன செய்தார்கள்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

செஞ்சை வழக்கறிஞர் எழுதியது:

முதல் கேள்விக்கான விடை 1906 ஏப்ரல் 26 அன்று நிறைவேறிய ஒரு சட்டத்தில் இருக்கிறது. அதற்கு முன்பாகச் சிறிது பின்னோக்கிப் போக வேண்டும். சிக்கசாக்களின் தாயகம் இன்றைய மிசிசிப்பி மாநிலத்தின் வடபகுதியும் அதை ஒட்டிய நிலங்களும் ஆகும். 1832-இல் செய்த ஒப்பந்தத்தால் அதை விட்டு மேற்கே போக வேண்டியவர்களான பிறகு, 1837-இல் தங்களுக்கு முன்பே மேற்கே துரத்தப்பட்டிருந்த சாக்டா மக்களிடமிருந்து 5,30,000 டாலர் கொடுத்துக் குடியேறும் உரிமையை வாங்கினார்கள். தொடக்கத்தில் சாக்டா நாட்டின் ஒரு மாவட்டமாக இருந்து, 1855-இல் பிரிந்து, 1856-இல் டிஷோமிங்கோவைத் தலைநகராகக் கொண்டு தமக்கென அரசமைப்புச் சட்டம் எழுதினார்கள். ஆளுநர், சட்டமன்றம், நீதிமன்றம் மூன்றும் அவர்களுக்கு இருந்தன. நிலம் தனி மனிதர் சொத்தாக இல்லாமல் நாட்டின் பொதுச் சொத்தாக இருந்தது.

1890-களில் அந்தப் பொது நிலத்தைத் தலைக்கு இவ்வளவு என்று கூறுபோட வாஷிங்டன் டாஸ் ஆணையத்தை அனுப்பியது. 1898-இல் வந்த கர்டிஸ் சட்டம் பூர்வகுடி நீதிமன்றங்களை ஒழித்தது. கூறுபோட்ட ஒவ்வொரு மனைக்கும் பட்டா எழுதும்போது, பொதுச் சொத்தின் உரிமையாளர் என்ற முறையில் அந்நாட்டின் தலைவர் கையெழுத்திட வேண்டியிருந்தது. ஆளுநர் பதவியை உயிரோடு வைத்திருந்ததன் முதற்காரணம் இந்தக் கையெழுத்துதான். 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, தலைவர் பதவி காலியானால் அமெரிக்கக் குடியரசுத் தலைவரே நியமனம் செய்யலாம் என்கிறது. ஆவணம் தயார் என்று அறிவித்து 30 நாள் ஆகியும் தலைவர் வந்து கையெழுத்திடாவிட்டால், உள்நாட்டு விவகாரங்களுக்கான அமைச்சர் ஒப்புதல் அளித்தாலே அது செல்லும் என்றும் சொல்கிறது. பதிவு அலுவலகத்தில் விற்பவரை உட்கார வைத்துவிட்டு, அவர் கைநாட்டு வைக்காவிட்டாலும் பத்திரம் பதிவாகும் என்று சொல்வதைப் போன்றது அது.

அதே சட்டத்தின் 28-ஆம் பிரிவோ, பூர்வகுடி நாடுகளும் அவற்றின் அரசுகளும் வேறு சட்டம் வரும்வரை தொடரும் என்கிறது. அவற்றின் சட்டமன்றங்கள் ஆண்டுக்கு 30 நாளுக்கு மேல் கூடக் கூடாது, குடியரசுத் தலைவர் ஒப்பாமல் எந்தத் தீர்மானமும் செல்லாது என்ற கட்டுகளும் அதிலேயே உள்ளன. ஆகவே நாட்டைக் கலைத்துவிட்டதாக அந்தச் சட்டத்தில் எந்த வரியும் கிடையாது. ஆனால் அதிகாரிகள் கலைந்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டு நடந்தார்கள். நம் ஊராட்சிகளில் 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய தேர்தல் நின்றுபோய், 2019 டிசம்பர் வரை தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்ததை நினைத்துப் பாருங்கள். அந்த மூன்று ஆண்டுகள் 67 ஆண்டுகளாக நீண்டிருந்தால் சிக்கசாக்களின் நிலை ஓரளவு விளங்கும். ஒரு வேறுபாடும் உண்டு: தனி அலுவலர் அரசு ஊழியர், வெளியூர்க்காரராகவும் இருப்பார். ஜான்ஸ்டனும் மேட்டுபியும் சிக்கசாக்களே.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

வழக்கறிஞர் ஐயா பட்டாவைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து, பட்டியலைப் பற்றி நான் எழுதுகிறேன். டாஸ் ஆணையம் நிலம் பிரிப்பதற்கு முன் யார் யார் சிக்கசா என்று ஒரு பெயர்ப் பட்டியல் எழுதியது. 1906 மார்ச் 4 அன்று உயிரோடிருந்த குழந்தைகள் வரை அதில் சேர்த்தார்கள்; 1907 மார்ச் மாதத்தில் பட்டியலை மூடிவிட்டார்கள். அதன் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பொதுச் சொத்தில் நேரடிப் பங்கு கிடையாது.

நம் நகரத்தார் வழக்கில் புள்ளி என்று ஒன்று உண்டு; இங்கே வேறு சமூகத்து நண்பர்களும் இருப்பதால் விளக்குகிறேன். ஒரு பிள்ளைக்குத் திருமணமானதும் அந்தத் தம்பதி ஊரிலும் கோவிலிலும் ஒரு புள்ளியாகச் சேர்வார்கள். கோவில் வரியும் ஊர் வரியும் புள்ளிக் கணக்கில்தான் விழும். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் கணக்கு வளரும். டாஸ் பட்டியல் இதற்கு நேர் எதிர். புதுப் புள்ளி சேராத கணக்கு அது. பழைய புள்ளிகள் மறைந்துகொண்டே போகும்போது, அவர்களின் பங்கு மட்டும் வாரிசுகளுக்குள் அரையாகவும் காலாகவும் அரைக்காலாகவும் உடைந்துகொண்டே போகும். எங்கள் பூர்வீக வீட்டில் இன்று ஓர் அறைக்கு எத்தனை பேர் பாத்தியம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். அதை வைத்துத்தான் எனக்கு இந்தக் கணக்கே புரிந்தது.

மேட்டுபி காலத்தின் மிகப் பெரிய பொதுக் காரியம் இந்தக் கணக்கோடு சேர்ந்ததுதான். 1897-இல் செய்த அட்டோக்கா உடன்பாட்டில் நிலக்கரியும் நிலக்கீலும் உள்ள நிலங்களைத் தனித்தனியாகப் பிரிக்காமல் சாக்டா, சிக்கசா இரு நாடுகளுக்கும் பொதுவாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். பின்னர் மேல்மண்ணை விற்றுவிட்ட போதிலும், கீழே இருந்த கனிமம் விற்பனையாகாமல் கிடந்தது. அதை மைய அரசே எடுத்துக்கொண்டு விலை தர வேண்டும் என்று இரு நாட்டுத் தலைமைகளும் நெடுங்காலம் வாதாடின. கடைசியில் 1948-இல் 85 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் உறுதியானது. சாக்டாவுக்கு நாலில் மூன்று பங்கு, சிக்கசாவுக்கு நாலில் ஒரு பங்கு என்பது பழைய வழக்கு. அந்தப் பணம் பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ கட்டப் பொது நிதியாக நிற்கவில்லை. பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று பகிர்ந்து முடிந்தது. பட்டியல் மூடி 40 ஆண்டுகள் கடந்துவிட்டதால் பல குடும்பங்களில் பேரப்பிள்ளைகள்தான் சில்லறைப் பங்கைப் பெற்றிருப்பார்கள்.

கேட்டவரின் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்: விற்கவும் பங்கிடவும் ஓர் ஆள் வேண்டும் என்று வாஷிங்டன் வைத்திருந்தது, அந்த ஆளோ கிடைத்த இடத்தில் நின்று விலையையாவது பேசினார். மேட்டுபியை நான் கையாலாகாதவராகப் பார்க்கவில்லை.

தேவகோட்டை வாத்தியார் எழுதியது:

ஆச்சி அவர்கள் சொன்ன ஒப்புமை எனக்குப் பிடித்திருக்கிறது. என்றாலும் அதில் ஒரு வசதியான மறதி இருப்பதையும் சொல்ல வேண்டும். சிக்கசாக்களின் தனி மனைகள் கைமாறியது எப்படி? 1908 மே மாதத்தில் வந்த ஒரு சட்டம் பெரும்பாலான மனைகளின் மீதிருந்த விற்பனைத் தடையை நீக்கி, சிறுவர்களின் சொத்தை உள்ளூர் நீதிமன்றங்களும் அவை நியமித்த காப்பாளர்களும் கையாள விட்டது. கடனும் அடமானமும் போலிப் பத்திரமும் சேர்ந்து சில ஆண்டுகளில் நிலத்தைக் கரைத்துவிட்டன. அந்தக் காலத்தில் நம் ஊர்க்காரர்கள் பர்மாவில் யாராக இருந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டால், ஒப்புமை இன்னும் நேர்மையாகும். 1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பகுதி நிலம் கடனுக்கு ஈடாகச் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. நெல் விலை விழுந்ததுதான் காரணம், நிலம் வேண்டும் என்று அவர்கள் போகவில்லை என்பது உண்மையே. ஆனாலும் கடன்பட்டு நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் இடத்தில்தான் ஓக்லஹோமாவில் சிக்கசா நின்றார். நாம் இழந்ததை மட்டும் பேசி அவர்களோடு உறவு கொண்டாடுவது சரியாகாது.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1934-இல் ஜான் காலியர் பூர்வகுடி ஆணையராக இருந்தபோது வந்த மறுசீரமைப்புச் சட்டம் நிலம் கூறுபோடுவதை நிறுத்தி, பூர்வகுடி அரசுகளுக்கு மீண்டும் உயிரூட்ட முனைந்தது. அதன் முக்கியப் பிரிவுகள் பல ஓக்லஹோமாவுக்குப் பொருந்தாது என்று விலக்கப்பட்டு, 1936-இல் அங்கே தனிச் சட்டம் வந்தது. பழைய ஆளுநர் பதவிக்குத் தேர்தல் நடத்தும் வழி அதனால் பிறக்கவில்லை. 1939-இல் ஜான்ஸ்டன் இறந்ததும் ரூஸ்வெல்ட் மேட்டுபியை நியமித்தார்.

போர் முடிந்ததும் காற்று மாறியது. பழைய நிலக் கணக்குகளைத் தீர்ப்பதற்காக 1946-இல் பூர்வகுடி உரிமைக்கோரல் ஆணையத்தை அமைத்தார்கள். கணக்கைத் தீர்த்துவிட்டால் உறவையும் முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் அதனுள் இருந்தது என்பது என் கருத்து. 1950-இல் பூர்வகுடி ஆணையரான டில்லன் மையர், போர்க்காலத்தில் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்து வைத்த முகாம்களை நிர்வகித்தவர். ஒரு மக்கள் கூட்டத்தை இடம் மாற்றி, கலைத்து, கரைத்துவிடும் வேலையில் பழகிய கை. 1953 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பேராயம் நிறைவேற்றிய 108-ஆம் தீர்மானம், பூர்வகுடிகளை மைய அரசின் பொறுப்பிலிருந்து விடுவிப்பதே கொள்கை என்று அறிவித்தது. விடுவிப்பு என்ற சொல்லை அவர்கள் எழுதிய விதத்தை நம் இலக்கண ஆசிரியர்கள் மங்கல வழக்கு என்று பிரித்துக் காட்டியிருப்பார்கள். மெனாமினி, கிளாமத் ஆகிய மக்களுக்கு 1954-இலும், ஓக்லஹோமாவுக்குள்ளேயே வயண்டாட், பியோரியா, ஒட்டாவா ஆகிய சிறு கூட்டங்களுக்கு 1956-இலும் முடிவுச் சட்டங்கள் வந்தன. 1956-இலேயே வந்த இன்னொரு சட்டம், தொழிற்பயிற்சி தருவதாகச் சொல்லி இளைஞர்களை நகரங்களுக்கு அனுப்ப வழிசெய்தது.

சிக்கசாக்களின் பெயர் அந்தத் தீர்மானத்தின் பட்டியலில் இல்லை. பக்கத்து வீட்டில் நடந்ததைப் பார்த்தால் அது எவ்வளவு அருகில் வந்தது என்பது தெரியும். சாக்டா மக்களின் தலைவர் ஹாரி பெல்வின், மிச்சமிருந்த பொதுச் சொத்தை விற்றுப் பங்கிட்டு முடித்துவிடலாம் என்று தாமே முன்னின்று கேட்டதன் பேரில் 1959-இல் ஒரு சட்டம் நிறைவேறியது. தங்கள் நாடே அத்தோடு முடிந்துபோகும் என்பது சாக்டா இளைஞர்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. காலக்கெடுவைப் பலமுறை தள்ளிப்போட்டு, எதிர்ப்பு வலுத்த பின் 1970 ஆகஸ்டில், சட்டம் நடைமுறைக்கு வரவிருந்த தறுவாயில் அதை ரத்து செய்தார்கள்.

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இனிமேல்தான் வருகிறது. 1953-இல் மாநிலங்கள் பூர்வகுடி நிலங்களின் மேல் நீதி அதிகாரம் எடுத்துக்கொள்ளலாம் என்று மைய அரசு ஒரு சட்டம் இயற்றியபோது, ஓக்லஹோமாவின் மாநில ஆளுநராக இருந்தவர் ஜான்ஸ்டன் மரே. அவருடைய தாயார் சிக்கசா ஆளுநர் டக்ளஸ் ஜான்ஸ்டனின் உறவுப்பெண். மரே பிறந்ததே எமெட் என்ற ஊரில் இருந்த அந்த ஆளுநர் மாளிகையில்தான். மரேக்கு வைத்த பெயரும் அந்த ஆளுநருடையதுதான். அப்படிப்பட்டவர் உள்நாட்டுத் துறைக்கு எழுதிய மறுமொழியில், மாநிலம் உருவானபோதே பூர்வகுடி அரசுகள் எல்லாம் மாநிலத்தில் இணைந்துவிட்டன, ஆகவே இந்தச் சட்டம் எங்களுக்குத் தேவையில்லை என்று தெரிவித்தார். அவர் அதை எழுதிய நாளில் மேட்டுபி சிக்கசா ஆளுநராகப் பதவியில் இருந்தார். இல்லாத அரசுக்கு ஆளுநரைக் குடியரசுத் தலைவர் எதற்கு நியமித்தார் என்று எவரும் மரேயிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

கண்டனூர்க்காரர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா பர்மாவைப் பற்றி எழுதியது எனக்குச் சுருக்கென்றுதான் பட்டது. எங்கள் ஐயாவின் பெட்டகத்தில் மோல்மேன் பத்திரங்கள் இன்னும் கிடக்கின்றன. மறுக்க வழியில்லை. ஒன்று மட்டும் தெளிவாக வேண்டும். 1963-இல் வந்த ஓவர்ட்டன் ஜேம்ஸும் நியமன ஆளுநரே அல்லவா? அவர் காலத்தில் தேர்தல் எப்படி வந்தது? பதவியில் அமர்ந்த நியமனக்காரர் தேர்தல் கேட்பது உலகில் அரிதாயிற்றே.

செஞ்சை வழக்கறிஞர் எழுதியது:

அரிதுதான். கானர்வில் என்ற ஊருக்கு அருகே சீலி சேப்பல் என்று ஒரு சிறிய மெதடிஸ்ட் தேவாலயம் உண்டு. சிக்கசா மொழியையும் உறவுகளையும் விடாமல் வைத்திருந்த கிராமத்துக் குடும்பங்கள் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே கூடி, எங்கள் தலைவரை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பேசத் தொடங்கினார்கள். நாடு கலைந்துவிட்டது என்று மாநிலமும் அதிகாரிகளும் சொல்லிக்கொண்டிருந்தபோது, இவர்கள் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியராகப் பணியாற்றிய ஓவர்ட்டன் ஜேம்ஸ் அந்த வட்டாரத்துப் பிள்ளை, அந்த இயக்கத்தோடு சேர்ந்தவர். 1963-இல் குடியரசுத் தலைவர் கென்னடியின் ஆட்சியில் அவர் நியமனமானபோது வயது 38. பதவி வந்த வழி பழையது, ஆளை முன்னிறுத்திய விசை புதியது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

வாஷிங்டனிலும் அப்போது கொள்கை திரும்பிக்கொண்டிருந்தது. 1970 ஜூலை 8 அன்று குடியரசுத் தலைவர் நிக்சன் முடிவுகட்டும் கொள்கையைக் கைவிடுவதாகப் பேராயத்துக்குச் செய்தி அனுப்பினார். அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று, செரோக்கீ, சாக்டா, சிக்கசா, கிரீக், செமினோல் ஆகிய ஐந்து நாடுகளும் தம் தலைவர்களை வாக்கால் தேர்ந்தெடுக்கலாம் என்ற சட்டம் வந்தது. 1971-இல் தேர்தல் நடந்தபோது சிக்கசாக்கள் ஜேம்ஸையும், சாக்டாக்கள் பெல்வினையும், செரோக்கீகள் கீலரையும் தேர்ந்தெடுத்தார்கள். மூவரும் முன்பு நியமனத்தால் அல்லது வாஷிங்டன் ஒப்புதலால் பதவியில் இருந்தவர்கள். இதை வைத்து நியமனமே மக்கள் விருப்பம் என்று வாதாடுவோர் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. 67 ஆண்டுகள் வேறு எவரும் மேடை ஏற முடியாமல் இருந்த இடத்தில் மேடையில் நின்றவரே வெல்வது இயல்பு.

சட்டத்தின் பக்கம் இறுதிச் சொல் 1976-இல் வந்தது. கிரீக் மக்கள் தொடுத்த ஒரு வழக்கில் வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம், 1906-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அரசுகளைத் தொடரச் செய்திருந்தும், அதிகாரிகள் பிரதிநிதி மன்றங்களைப் புறக்கணித்துத் தலைவர் ஒருவரை மட்டும் அரசாக நடத்தி வந்தது சட்ட விரோதம் என்று தீர்த்தது. அந்தப் போக்குக்கு அதிகாரவர்க்க ஏகாதிபத்தியம் என்று பெயரும் வைத்தது. மரே எழுதிய மறுமொழிக்கு விடை கிடைக்க இன்னும் நெடுங்காலம் ஆனது. 2020-இல் உச்ச நீதிமன்றம் கிரீக் நிலத்தைப் பற்றித் தீர்ப்பளித்த பின், 2021-இல் ஓக்லஹோமாவின் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றமே சிக்கசா நாட்டின் நிலம் சட்டப்படி கலைக்கப்படவில்லை என்று ஏற்றுக்கொண்டது.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

வழக்கறிஞர் ஐயா, அந்த மூடிய பட்டியல் இப்போது என்னவாயிற்று? புதுப் புள்ளிகளை எந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள்?

செஞ்சை வழக்கறிஞர் எழுதியது:

ஆச்சி, அதே பட்டியல்தான் இன்றும் அடிப்படை. 1983-இல் ஏற்ற புதிய அரசமைப்புச் சட்டத்தின்படி, டாஸ் பட்டியலில் சிக்கசா இரத்தவழியினர் என்ற பகுதியில் பெயர் உள்ள ஒருவரின் நேர் வழித்தோன்றல் என்று காட்டினால் குடியுரிமை உண்டு. எனவே கணக்கு மீண்டும் வளர்கிறது. ஆனால் அந்தப் பட்டியலுக்கு வேறொரு பகுதியும் இருந்தது. சிக்கசாக்களிடம் அடிமைகளாக இருந்து 1866-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் பெயர்களை அதில் தனியாக எழுதினார்கள். சாக்டாக்கள் 1883-இல் தங்கள் பக்கத்து விடுதலை பெற்றோரைக் குடிமக்களாக ஏற்றார்கள், சிக்கசாக்கள் ஏற்கவில்லை. தலைக்கு 40 ஏக்கர் மதிப்புள்ள நிலம் கிடைத்தும் குடியுரிமை அவர்களுக்கு வாய்க்கவில்லை. அந்தப் பகுதியில் மட்டும் முன்னோரின் பெயர் உள்ளவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் கணக்குக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.